ஹெவிவெயிட்டில் யார் பெரியவர்? கைகலப்பு இல்லாமல் பட்டியல் போடும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாணச் சாப்பாடு முடிந்து ஆம்பிளைகள் கார் நிற்கிற இடத்தில் கூடினால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு தடவையாவது இங்கே வந்து நிற்கும்: உலகத்திலேயே பெரிய ஹெவிவெயிட் பாக்ஸர் யார்? தாத்தாமார் கட்சி ஜோ லூயிஸ். மாமாமார் கட்சி முகமது அலி. எண்பதுகளில் மீசை அரும்பியவர்களுக்கு டைசனை விட்டால் வேறு ஆள் கிடையாது. இப்போதைய பையன்களைக் கேட்டால் உசிக் என்பார்கள். இதில் ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்கு மாறியதாகச் சரித்திரம் இல்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கத்துவதைக் கொஞ்சம் முறையோடு கத்தலாமே என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒரு நோட்டு, பென்சில், ரப்பர், பழைய சண்டைகளின் விவரங்களைத் தேட ஒரு போன் இருந்தால் போதும். முறை முழுவதும் ஒரே ஒரு விதியிலிருந்து வருகிறது. யாரை ஜெயித்தார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அன்று ராத்திரி எதிரே வந்து நின்ற ஆள் என்ன நிலையில் இருந்தார் என்று கேளுங்கள்.

படி 1: கேள்வியைப் பிரித்து எழுதுங்கள்

மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தால் பெரும்பாலும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாழ்நாள் முழுக்க ரிங்குக்குள் அதிகம் சாதித்தவர் யார் என்பது ஒன்று. இருவரையும் அவரவர் உச்சத்தில் நிறுத்தி மோதவிட்டால் யார் ஜெயிப்பார் என்பது இன்னொன்று. உலகத்தை யார் அதிகம் அசைத்தார் என்பது மூன்றாவது.

மூன்றாவதில் போட்டியே இல்லை. 1967-ல் ராணுவத்தில் சேர மறுத்துப் பட்டத்தை இழந்து, மூன்றரை வருஷம் சண்டையில்லாமல் இருந்த அலிக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. 1938-ல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்மெலிங்கை 124 விநாடியில் சாய்த்த ஜோ லூயிஸ் வேண்டுமானால் இரண்டாவதாக நிற்கலாம். இரண்டாவது கேள்வி வெறும் கற்பனை. ஆறடி ஐந்தங்குலம், 110 கிலோ லெனாக்ஸ் லூயிஸுக்கு எதிரே 84 கிலோ மார்சியானோவை நிறுத்திவிட்டு நியாயம் பேசுவது வீண் வேலை; பெரிய ஆள் ஜெயிப்பார் என்றால் பட்டியல் முழுக்க 1990-க்குப் பிறகு வந்தவர்களாகவே இருக்கும். பொழுது போகலாம், முடிவு கிடைக்காது.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் முதல் கேள்வியை மட்டும் எழுதி அடிக்கோடு போடுங்கள். நடுவில் யாராவது "ஆனா மோதினா அவன் ஜெயிச்சிருப்பான்" என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

படி 2: எல்லையைப் போடுங்கள்

கையுறை போட்டு மூன்று நிமிட ரவுண்டுகளாக நடந்த சண்டைகள் மட்டும் போதும். 1892 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ஜிம் கார்பெட் ஜான் எல். சல்லிவனைச் சாய்த்த நாளிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன்னால் வெறுங்கையோடு எழுபத்தைந்து ரவுண்ட் போனதெல்லாம் வேறு விளையாட்டு.

அடுத்தது எடை. ஹெவிவெயிட்டுக்கு மேல் வரம்பு இல்லை, கீழ் வரம்புதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நெடுங்காலம் 175 பவுண்டைத் தாண்டினால் ஹெவிவெயிட். எழுபதுகளின் கடைசியில் நடுவில் க்ரூஸர்வெயிட் என்று ஒரு வகுப்பு வந்தது. இன்று அதன் எல்லை 200 பவுண்ட், அதாவது 90 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இன்றைய கணக்கில் மார்சியானோ ஹெவிவெயிட்டே இல்லை. இதை அவர் மேல் குற்றமாகப் போடக் கூடாது. அவர் காலத்தில் அதுதான் சட்டம். ஆனால் ஹோலிஃபீல்டும் உசிக்கும் க்ரூஸர்வெயிட்டில் செய்த சாதனையை இந்த நோட்டில் சேர்க்கவும் கூடாது. எஸ்ஸர்ட் சார்ல்ஸ், ஹெவிவெயிட்டுக்குக் கீழே இருக்கிற லைட் ஹெவிவெயிட்டில் தெய்வம். இங்கே அவர் ஹெவிவெயிட்டாகச் செய்தது மட்டும்தான் வரும்.

ரவுண்ட் கணக்கையும் இங்கேயே குறித்துவையுங்கள், பிறகு கை கொடுக்கும். பட்டச் சண்டைகள் எண்பதுகள் வரை 15 ரவுண்ட். 1982-ல் கொரியாவின் டுக் கூ கிம் சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு ஒவ்வொரு அமைப்பாக 12-க்கு இறங்கின. இது சின்ன விஷயம் போலத் தெரியும். 1941-ல் பில்லி கான், ஜோ லூயிஸை 12 ரவுண்ட் முடிவில் இரண்டு நடுவர்களின் புள்ளி அட்டையில் முந்தியிருந்தார். மூன்றாவது அட்டை சமம். 13-வது ரவுண்டில்தான் லூயிஸ் அவரைச் சாய்த்தார். 1952-ல் மார்சியானோவும் அப்படியே: 12 ரவுண்ட் முடிவில் மூன்று அட்டையிலும் வால்காட் முன்னால், 13-ல் ஒரே வலதுகைக் குத்து. இன்றைய சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் மார்சியானோவின் 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்ற எண்ணே பிறந்திருக்காது. அப்படியே, இன்று 12 ரவுண்டில் புள்ளியில் தோற்பவர்களில் எத்தனை பேர் 14-வதில் எழுந்திருப்பார்களோ!

படி 3: ஒவ்வொரு பெரிய வெற்றியையும் எடை போடுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவருடைய மிகப் பெரிய ஐந்தாறு வெற்றிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே எதிராளியின் வயது, அவர் கடைசியாக எப்போது சண்டை போட்டார், அதற்கு முந்தைய சில சண்டைகளில் எப்படி இருந்தார், அன்று அவர் எடை வழக்கத்தைவிடக் கூடியிருந்ததா குறைந்திருந்ததா என்பதைக் குறியுங்கள். பிறகு மூன்று குறிகளில் ஒன்று: முழு வெற்றி, அரை வெற்றி, வெறும் பெயர். மார்க் போட்டுக் கூட்டாதீர்கள். 8.5, 9.2 என்று எண் போட்டவுடன் ஏதோ விஞ்ஞானம் மாதிரி தோன்றும். உண்மையில் உங்கள் பிரியத்துக்குத்தான் தசமப் புள்ளி வைத்திருப்பீர்கள்.

ஒரு வரிசையைச் சேர்ந்து பார்ப்போம். பழைய ராஜாவைப் புதியவர் அடித்து வீழ்த்திய சண்டைகள். பெயரை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒரே உயரத்தில் தெரியும்.

1951 அக்டோபர், மார்சியானோ - ஜோ லூயிஸ். லூயிஸுக்கு வயது 37. பட்டத்தை விட்டு ஓய்வு பெற்று, வரி பாக்கிக்காகத் திரும்பி வந்தவர். முந்தைய வருஷம் சார்ல்ஸிடம் 15 ரவுண்ட் அடி வாங்கியவர். ஆனால் அதற்குப் பிறகு எட்டுச் சண்டை தொடர்ந்து ஜெயித்திருந்தார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) இன்னும் இருந்தது, கால்தான் போய்விட்டது. எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். அரை வெற்றி.

1980 அக்டோபர், லாஸ் வேகாஸ், ஹோம்ஸ் - அலி. அலிக்கு 38. இரண்டு வருஷமாக ரிங் ஏறவில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிட்டு எடை குறைத்திருந்தார். பார்க்க இளமை, உள்ளே ஒன்றுமில்லை. பத்து ரவுண்ட் முடிந்ததும் அவருடைய மூலையில் இருந்த சொந்த ஆட்களே நிறுத்திவிட்டார்கள். நடுவில் ஹோம்ஸ் நடுவரைப் பார்த்துப் பார்த்துக் குத்தியதைக் கவனித்தால் அவருக்கே இந்த வெற்றி வேண்டாம் என்பது புரியும். வெறும் பெயர்.

1988 ஜனவரி, டைசன் - ஹோம்ஸ். அதே 38 வயது. 21 மாதம் சண்டையில்லை. கடைசி இரண்டு சண்டையும் ஸ்பிங்ஸிடம் தோல்வி, அதில் இரண்டாவது தோல்வி நியாயமா என்று இன்றும் பேச்சு உண்டு. நான்காவது ரவுண்டில் டைசன் முடித்த விதம் பயங்கரம். ஹோம்ஸை வாழ்நாளில் வேறு யாராலும் அப்படி முடிக்க முடியவில்லை. இதற்காக வெறும் பெயரிலிருந்து அரை வெற்றிக்குக் கொஞ்சம் ஏற்றலாம், அதற்கு மேல் மனசு வரவில்லை.

இப்போது இந்தப் பக்கம் பாருங்கள். 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன், ஃபோர்மன் - ஃப்ரேசியர். ஃப்ரேசியருக்கு 29 வயது. ஒரு சண்டையும் தோற்காதவர். அலியை வீழ்த்திய உலகச் சாம்பியன். 24 வயது ஃபோர்மன் அவரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை கீழே தள்ளினார். குறை கண்டுபிடிக்கத்தான் வேண்டுமென்றால், முந்தைய வருஷம் ஃப்ரேசியர் இரண்டு சாதாரண ஆட்களோடு மட்டும் மோதியிருந்தார், எடையும் 1971-ஐவிடக் கூடியிருந்தது. இருந்தாலும் முழு வெற்றிதான். அடுத்த வருஷம் அக்டோபர் 30-ல் அந்த ஃபோர்மனையே கின்ஷாசாவில் அலி எட்டாவது ரவுண்டில் சாய்த்தாரே, ஃபோர்மனுக்கு 25 வயது, 40-0, உச்சத்தில் உச்சம். ஹெவிவெயிட் சரித்திரத்தில் இதைவிடக் கனமான ஒரு வெற்றியை எனக்குக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் ஒன்று தானாகத் தெரியும். தோற்காத கணக்கு எவ்வளவு என்பது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப்போகும். மார்சியானோவின் பக்கத்தில் வால்காட்டுக்கு 38, லூயிஸுக்கு 37, ஆர்ச்சி மூர் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த லைட் ஹெவிவெயிட். நல்ல வயதில் வந்தவர் சார்ல்ஸ் மட்டும்; அவரோடு நடந்த 1954 சண்டைகள் இரண்டும் முழு வெற்றி. அலியின் பக்கத்தில் ஐந்து தோல்வி இருக்கிறது. ஆனால் லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் என்று முழு வெற்றிக்கு இடம் போதாது.

படி 4: தோல்வியைப் படியுங்கள்

தோல்விகளை எண்ணுவதைவிட மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எந்த வயதில் தோற்றார்? யாரிடம்? அதே ஆளைத் தேடிப் போய்ப் பதில் கொடுத்தாரா?

நம் நாட்டிலேயே நடந்தது ஒன்று, 2001 ஏப்ரல் 22. பிரக்பானின் கார்னிவல் சிட்டி. லெனாக்ஸ் லூயிஸ் உலகச் சாம்பியன், எதிரே ஹாசிம் ரஹ்மான். அமெரிக்க டிவியின் நேரத்துக்காக இங்கே விடியற்காலையில் மணி அடித்தார்கள். பிரக்பான் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். கடலோர டர்பனிலிருந்து ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) போய் இறங்கிய முதல் நாள் மாடிப்படி ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரஹ்மான் வாரக்கணக்கில் முன்னாலேயே வந்து அந்தக் காற்றுக்குப் பழகினார். லெனாக்ஸ் தாமதமாக வந்தார், உடம்பும் கனத்திருந்தது. ஐந்தாவது ரவுண்டில் கயிற்றோரம் வாயில் சிரிப்போடு நின்றவர் மேல் ஒரு வலதுகைக் குத்து விழுந்தது. மல்லாந்தார். பத்து எண்ணி முடித்த பிறகும் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

இது அலட்சியத்தின் தோல்வி. அலட்சியம் சாம்பியனுக்குக் குறைதான், அதைக் கழிக்க வேண்டும். ஆனால் ஏழு மாதத்தில், நவம்பர் 17-ல், லாஸ் வேகாஸில் அதே ரஹ்மானை நான்காவது ரவுண்டில் உறங்க வைத்தார். 1994-ல் தன்னைத் தோற்கடித்த ஒலிவர் மெக்காலையும் 1997-ல் முடித்தார். லெனாக்ஸுக்குத் தோல்வி இரண்டே இரண்டு, இரண்டுக்கும் பதில் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவரால் ஜெயிக்க முடியாத ஆள் என்று ரிங்குக்குள் யாரும் மிச்சமில்லை.

டைசனின் பக்கத்தைத் திருப்புங்கள். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ, பஸ்டர் டக்ளஸ். டைசனுக்கு வயது 23. அந்தத் தோல்விக்குப் பதிலே இல்லை. ஹோலிஃபீல்டிடம் 1996-லும் தோற்று, 1997-ல் காதைக் கடித்து வெளியேற்றப்பட்டார்.

விளாடிமிர் கிளிட்ச்கோவின் பக்கத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் நிற்கிறார். பிரிட்டோரியாவின் காரி சாண்டர்ஸ், 2003 மார்ச் 8, ஹானோவர். கோல்ஃப் ஆடப் போகிற நேரம் போக மிச்ச நேரத்தில் பயிற்சி செய்பவர் என்று சொல்லப்பட்ட இடதுகைக்காரர் இரண்டு ரவுண்டுக்குள் விளாடிமிரை நான்கு தடவை தரையில் உட்கார வைத்தார். அடுத்த வருஷம் பதில் கொடுத்தது அண்ணன் விட்டாலி. அண்ணன் கொடுத்த பதில் தம்பியின் கணக்கில் வராது.

வயது போன பிறகு வரும் தோல்விகளை லேசாகத் தொட்டுவிட்டு விடுங்கள். பணத்துக்காகவும் கைதட்டலுக்காகவும் ஒரு சண்டை அதிகமாகப் போடாத ஹெவிவெயிட்டே அபூர்வம்.

படி 5: மோத விடாமல் தடுக்கப்பட்டவர்களைக் கணக்கில் எடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படியை நீட்டி விளக்க வேண்டியதில்லை. வெள்ளையருக்கு ஒரு பட்டம், மற்றவர்களுக்கு வேறு பட்டம். சொவெட்டோவின் ஆர்லாண்டோவைச் சேர்ந்த கறுப்பர் ஜேக் துலி 1952-ல் பிரிட்டனுக்குப் போய்தான் பிரிட்டிஷ் பேரரசுப் பட்டம் வாங்க வேண்டியிருந்தது. இந்த மண்ணில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ரிங்குக்குள் மோத 1973 டிசம்பர் வரை, பாப் ஃபாஸ்டர் ஜோபர்க் வந்து பியர் ஃபூரியோடு மோதும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. உன் பதிவில் பெரிய வெற்றி இல்லையே என்று ஒருவரைக் கேட்பதற்கு முன்னால், மோதவே விட்டார்களா என்று கேட்க நமக்குத் தெரியும்.

அமெரிக்காவில் சட்டம் எழுதாமலேயே அதைச் செய்தார்கள். பீட்டர் ஜாக்சன் 1891-ல் கார்பெட்டோடு 61 ரவுண்ட் நின்றவர். சாம்பியன் சல்லிவன் கறுப்பரோடு மோத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜாக் ஜான்சன் சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்தித் துரத்தி 1908 டிசம்பர் 26-ல் சிட்னியில்தான் பிடித்தார். கறுப்பரான ஹாரி வில்ஸ் வருஷக்கணக்கில் சாம்பியன் ஜாக் டெம்ப்சிக்காகக் காத்திருந்தார். ஒப்பந்தம்கூடப் போட்டார்கள், சண்டை நடக்கவில்லை. 1923-லிருந்து 1926 வரை மூன்று வருஷம் டெம்ப்சி பட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

இதற்கு நான் வைத்திருக்கும் விதி கொஞ்சம் கடுமையானது. நடக்காத சண்டைக்கு யாருக்கும் வெற்றி கொடுக்காதீர்கள். வில்ஸ் ஜெயித்திருப்பார் என்று எழுதுவது மறுபடியும் கற்பனை. ஆனால் தனக்கு நேரே நின்ற முதல் போட்டியாளரைச் சந்திக்காத சாம்பியனிடமிருந்து கழியுங்கள். காரணம் அவரா, மேலாளரா, மாநில அரசா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஜான்சன் பட்டம் வாங்கிய பிறகு, தன்னைப் போலவே கறுப்பரான சாம் லாங்ஃபோர்டுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கவில்லை. பணம் வெள்ளையரோடு மோதுவதில்தான் இருந்தது. கறுப்பர் ஒருவரோடு அவர் பட்டத்தை வைத்து மோதியது 1913-ல் பாரிஸில் ஒரே ஒரு தடவை. ஜான்சன் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் இங்கே கழிக்கத்தான் வேண்டும்.

படி 6: பெல்ட்டுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

1960-கள் வரை ஒரு ராஜா, ஒரு கிரீடம் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். பிறகு ஆளுக்கொரு பட்டம் கொடுக்கும் அமைப்புகள் வந்தன: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, 1983-ல் ஐபிஎஃப், 1988-ல் டபிள்யூபிஓ. நான்கு பெல்ட் இருந்தால் நான்கு "உலகச் சாம்பியன்". 1992 டிசம்பரில் ரிடிக் போவ், லெனாக்ஸோடு மோதாமல், டபிள்யூபிசி பெல்ட்டை லண்டனில் குப்பைத் தொட்டியில் போட்டார். அதுவும் பட்ட வரலாறுதான்.

நமக்குச் சங்கடமான உதாரணம் கெரி கூட்சியா. 1983 செப்டம்பர் 23, ஒஹாயோவின் ரிச்ஃபீல்ட், பத்தாவது ரவுண்டில் மைக்கேல் டோக்ஸைச் சாய்த்து டபிள்யூபிஏ பட்டம். ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு வந்த முதல் உலக ஹெவிவெயிட் பட்டம். நிறவெறிக்கு எதிராக வாயைத் திறந்து பேசிய வெள்ளைக்கார பாக்ஸர் என்பதால் அவரைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களுக்குக்கூட ஒரு சாய்வு உண்டு. ஆனால் அந்த நாளில் உலகத்தின் நிஜமான முதல் ஹெவிவெயிட் லாரி ஹோம்ஸ் என்பது பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். இருவரையும் மோதவிட 1984-ல் ஏற்பாடு நடந்தது, கைகூடவில்லை. டிசம்பரில் சன் சிட்டியில் கிரெக் பேஜிடம் கூட்சியா பட்டத்தை இழந்தார். உள்ளூர்ப் பாசத்தை நோட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பெல்ட்டை எண்ணாமல், அந்த வருஷம் உலகத்தில் முதல் ஆளாக இருந்தாரா, எத்தனை வருஷம் இருந்தார் என்று எழுதுங்கள். இந்தக் கணக்கில் ஜோ லூயிஸ் தனி மலை: 1937-லிருந்து 11 வருஷம் 8 மாதம், 25 தடவை பட்டத்தைக் காத்தார். 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை மாதம் ஒரு பட்டச் சண்டை. அதில் சிலர் சோப்ளாங்கிகள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்தவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

படி 7: கண்ணால் பாருங்கள், ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில். கின்ஷாசாவும் மணிலாவும் (1975-ல் அலி - ஃப்ரேசியர்) நடந்தபோது நம் வீடுகளில் பெட்டி இல்லை. மாமாமார் அலியைப் பத்திரிகையிலும் ரேடியோவிலும், பிறகு பயாஸ்கோப்பிலும் பார்த்தவர்கள். டைசன் கட்சிக்காரர்கள் 91 விநாடியில் ஸ்பிங்ஸ் விழுந்ததை வீடியோ கேசட் தேய்கிற வரை பார்த்தவர்கள். கேசட்டில் ஓடியதெல்லாம் நாக்அவுட் தொகுப்பு. எந்த ஹெவிவெயிட்டின் நாக்அவுட்டுகளை மட்டும் வெட்டி ஒட்டினாலும் அவர் எமனாகத்தான் தெரிவார்.

முழுச் சண்டையைப் பாருங்கள், அதுவும் ஜெயிக்கத் திணறியதைத் தேடிப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்றால், என் யோசனை இது: 1978 ஜூனில் ஹோம்ஸ் - நார்ட்டன், 15 ரவுண்ட். கடைசி ரவுண்டில் சண்டை சமமாக இருக்கும்போது இருவரும் கால் ஊன்றி நின்று குத்துவதைப் பாருங்கள். ஹோம்ஸின் ஜாப் வெறும் தட்டு இல்லை, எதிராளியின் தலை பின்னால் போகிற ஒவ்வொரு தடவையும் வலது கைக்கு வழி திறக்கிறது. அலிக்கு அடுத்த நிழலில் நின்றதால் இந்த மனிதருக்கு உரிய பேர் கிடைக்கவில்லை.

ஃப்ரேசியரும் நார்ட்டனும் அலியைத் தோற்கடித்தார்கள். இருவரையும் ஃபோர்மன் இரண்டு இரண்டு ரவுண்டில் நசுக்கினார். ஃபோர்மனை அலி சாய்த்தார். ஏ பியை ஜெயித்தான், பி சியை ஜெயித்தான், அதனால் ஏ சியை ஜெயிப்பான் என்ற வாய்ப்பாடு குத்துச்சண்டையில் செல்லாது. குனிந்து உள்ளே வருபவருக்கு அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) அடிக்கிறவர் எமன். பின்னால் போய்க்கொண்டே குத்துகிறவரிடம் அதே அப்பர்கட் காற்றில் போகும்.

படி 8: மேஜையில் வைத்து வாதாடுங்கள்

தனியாகப் போட்ட பட்டியல் சுடாத செங்கல். நாலு பேர் முன்னால் வையுங்கள். ஒரே ஒரு சட்டம்: ஒருவரை ஏற்ற வேண்டும் என்பவர், யாரை இறக்குவது என்றும் சொல்ல வேண்டும். இது இல்லையென்றால் ஐந்தாவது இடத்தில் ஒன்பது பேர் இருப்பார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை சாயங்காலம் இது எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன். கார் ஷெட்டில் மடக்கு மேஜை, பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) குழம்பு வழிந்த காகிதத்துக்குப் பக்கத்தில் நோட்டு.

"அலி தோத்ததை எல்லாம் எண்ணி வெச்சிருக்கே. டைசன் தோத்ததை எண்ணலையேடா?" என்றார் மாமா.

"டைசன் ஜெயில்ல இருந்து வந்த பிறகு தோத்தது கணக்குல வராது மாமா. அது பழைய டைசன் இல்ல."

"சரி. டோக்கியோவுல தோத்தப்போ எந்த ஜெயில்ல இருந்தாரு?"

பையன் பதில் சொல்லாமல் ரொட்டியைப் பிய்த்தான். மூலையில் இருந்த பெரியவர், பத்தாவது இடம் காலியாக இருந்தால் மடிபாவை, அதாவது நெல்சன் மண்டேலாவைப் போடுங்கள் என்றார். மண்டேலா ஐம்பதுகளில் ஆர்லாண்டோவில் ஹெவிவெயிட்டாகப் பயிற்சி செய்தவர் என்பது உண்மைதான். தொழில்முறைச் சண்டை ஒன்றுகூட இல்லை என்று மறுக்க வேண்டியதாயிற்று.

இப்போது என் பட்டியல்

அலி முதல். காரணம் படி 3-ல் இருக்கிறது. 1976-ல் நார்ட்டனோடு நடந்த மூன்றாவது சண்டையில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது என்பதைக் கழித்த பிறகும் முதல்தான். ஜோ லூயிஸ் இரண்டு. 1942-லிருந்து போர் தின்ற வருஷங்களையும் கணக்கில் வைத்தால் இடைவெளி மிகக் குறைவு. மூன்று ஹோம்ஸ், நான்கு லெனாக்ஸ். இந்த இரண்டையும் இடம் மாற்றினால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஐந்து ஃபோர்மன்: இருபது வயசுகளில் பயம், 45 வயதில் 1994 நவம்பர் 5-ல் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்து மறுபடி சாம்பியன். ஆறு மார்சியானோ. ஏழு ஃப்ரேசியர். எட்டு ஜாக் ஜான்சன். ஒன்பது ஹோலிஃபீல்ட், தோல்வி பத்து இருந்தாலும் மோத மறுத்த ஆள் இல்லை.

பத்தாவது இடத்தில் உசிக்கைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஹெவிவெயிட்டில் சண்டைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஜோஷுவாவை இரண்டு தடவை, ஃப்யூரியை 2024-ல் இரண்டு தடவை, டுபுவாவை இரண்டு தடவை, எல்லாம் தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்கள். லெனாக்ஸுக்குப் பிறகு எல்லாப் பட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்த முதல் ஆள். இந்தப் பெயர் மேலே போகலாம். கீழே போக வாய்ப்புக் குறைவு.

டெம்ப்சி வெளியே, வில்ஸ் காரணம். விளாடிமிர் வெளியே, 18 தடவை தொடர்ந்து பட்டத்தைக் காத்தார், ஆனால் முழு வெற்றிகளைத் தேடினால் பக்கம் காலியாக இருக்கிறது.

டைசன் பதினொன்று. இதற்குத்தான் அடி விழும் என்று தெரியும். உள்ளே கொண்டுவர வேண்டும் என்பவர்கள் படி 8-ன் சட்டப்படி ஒருவரை இறக்கட்டும். ஹோலிஃபீல்டை இறக்க முடியாது, அவர் டைசனை இரண்டு தடவை ஜெயித்தவர். மிச்சம் இருப்பதில் பெரும்பாலானவர்கள் கை வைக்கப் போவது ஃப்ரேசியர் மேல்தான். தாராளமாக வைக்கட்டும். 1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன், இருவருமே தோற்காதவர்கள், 15-வது ரவுண்டில் அலியை மல்லாத்திய அந்த இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து). அதற்கு இணையாக டைசனின் பக்கத்திலிருந்து ஒரு சண்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வரட்டும், ரப்பரை நானே எடுத்துத் தருகிறேன்.